வீட்டில் இருக்கும் பூட்டை மறுபடி வாங்காதீர்கள்

முடிவை முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், வருடம் முடிந்ததும் புதுப்பிக்காதீர்கள். "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது" என்று சிவப்பில் மிரட்டினால் மிரளாதீர்கள். பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேச, கரண்ட் பில் கட்ட, வங்கிக் கணக்கைப் பார்க்க, நாலு பக்கம் தட்டச்சு செய்ய மட்டும் விண்டோஸ் கம்ப்யூட்டரைத் திறக்கும் என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். காரணம் வேண்டுவோர் மேலே படிக்கலாம்.

"எந்த ஆன்டிவைரஸ் சார் நல்லது?" கடற்கரைச் சாலை நடைப்பயிற்சியில், பென்ஷனர் கூட்டத்தில், கல்யாணப் பந்தியில்கூட இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை. கம்ப்யூட்டரில் தமிழில் எழுதுகிற ஆளுக்கு அதில் எல்லாமே தெரிந்திருக்கும் என்று நண்பர்களுக்கு ஒரு நம்பிக்கை. கேட்கிறவர்கள் ஒரு பெயரை எதிர்பார்க்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை. எதிர்க்கேள்விதான் கேட்கிறேன்: "இருப்புப் பதிவேட்டைப் பார்த்தீர்களா?"

புதுச்சேரி அரசில் நான் குப்பை கொட்டிய வருடங்களில் பெரும்பகுதி ஸ்டோர்ஸ் செக்ஷனில் கழிந்தது. ஒரு மர அலமாரி வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் கேட்க வேண்டும், ஒப்பீட்டு அட்டவணை போட வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு படி உண்டு. இருப்புப் பதிவேட்டைப் புரட்டி, "மேற்படி பொருள் இருப்பில் இல்லை" என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு வரி இல்லையென்றால் ஃபைல் மேலே போகாது. தப்பித்தவறிப் போய்விட்டால் இரண்டு வருடம் கழித்து ஆடிட் ஆட்சேபணையாகத் திரும்பி வரும். இந்த எளிய விதியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஆன்டிவைரஸ் வியாபாரத்தில் பாதி படுத்துவிடும்.

ஏனென்றால் பொருள் இருப்பில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2009ல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் ஒரு ஆன்டிவைரஸை இலவசமாகக் கொடுத்தது. 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது அதை டிஃபெண்டர் என்ற பெயரில் விண்டோஸுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். விண்டோஸ் 10லும் 11லும் அது உண்டு. இறக்க வேண்டாம், நிறுவ வேண்டாம், சந்தா கட்ட வேண்டாம். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது. புதிய வைரஸ்களின் அடையாளப் பட்டியலைத் தானே தினமும் வாங்கிக்கொள்கிறது.

"ஓசியில் வருவது எப்படி சார் நன்றாக இருக்கும்?" என்பது அடுத்த கேள்வி. முதலில், அது ஓசி கிடையாது. லேப்டாப் விலையில் விண்டோஸுக்கான காசும் சேர்ந்திருக்கிறது, அதற்குள் இதுவும் அடக்கம். வீட்டுக்கு வாசல் கதவு வைத்துக் கொடுத்த தச்சர் தாழ்ப்பாளுக்குத் தனியாக பில் போடவில்லை என்பதற்காகத் தாழ்ப்பாள் இளப்பமாகிவிடுமா? இரண்டாவது, என் பேச்சையோ கடைக்காரர் பேச்சையோ நம்ப வேண்டாம். ஜெர்மனியில் மக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட் என்ற பரிசோதனை நிலையம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்று தலைப்புகளுக்கு ஆறு ஆறு மதிப்பெண், மொத்தம் 18. டிஃபெண்டர் அந்த 18க்கு 18ஐ ஒருமுறை இருமுறை அல்ல, பல சுற்றுகளில் வாங்கியிருக்கிறது. காசு வாங்கும் பெரிய பெயர்களும் அதே 18ஐத்தான் வாங்குகின்றன. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் ஏற்கெனவே வேலையில் இருக்கும்போது, இன்னொருவருக்கு எதற்குச் சம்பளம்?

ஒரு காலத்தில் இதை வாங்கத்தான் வேண்டியிருந்தது என்பதை மறுக்கவில்லை. 1986ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ் ஃபிளாப்பியில் ஏறி உலகம் சுற்றியது. விண்டோஸ் எக்ஸ்பி காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வாங்கினால், வீட்டில் செருகியதும் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும். அந்த விண்டோஸுக்குள் சொந்தமாக ஆன்டிவைரஸ் இல்லை. போதாததற்கு, செருகிய பென் டிரைவில் இருப்பதைக் கேட்காமலே ஓட்டும் ஆட்டோரன் என்ற வசதி வேறு. 2008ல் வந்த கான்ஃபிக்கர் புழு பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. பிறகு விண்டோஸ் 7ல் பென் டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தினார்கள். 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் அப்டேட் மூலம் நிறுத்தினார்கள். காய்ச்சல் இருந்தபோது மருந்து விற்றதில் குற்றமில்லை. காய்ச்சல் இறங்கிய பிறகும் அதே மருந்தை வருடாந்திரச் சந்தாவில் விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். ழூல் ரொமேன் எழுதிய 'க்நொக்' என்ற நாடகத்தை பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1923ல் பாரீசில் மேடையேறியது. ஒரு சிறிய மலையூர். அங்கிருந்த பழைய டாக்டருக்கு வருமானமே கிடையாது, காரணம் ஊரில் யாரும் வைத்தியரைத் தேடுவதில்லை. அந்த இடத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு க்நொக் என்ற புது டாக்டர் வருகிறார். முதல் வேலையாகத் தமுக்கு அடிப்பவரை அனுப்பி, திங்கட்கிழமை சந்தை நாளில் காலையில் ஆலோசனை இலவசம் என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கிறார். இலவசம்தானே என்று போனவர்கள் எல்லாரும் முகம் வெளிறித் திரும்பி வருகிறார்கள். மூன்றாவது அங்கத்தில் ஊரில் பாதிப் பேர் படுக்கையில் கிடக்கிறார்கள், ஊர் ஓட்டல் ஆஸ்பத்திரியாகிவிடுகிறது.

"இலவச ஸ்கேன்" என்ற பொத்தானைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தமுக்குச் சத்தம்தான் கேட்கிறது. இலவசமாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு "437 பிரச்சினைகள்" என்பார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை குக்கி எனப்படும் சின்னஞ்சிறு குறிப்புகளும் தற்காலிகக் கோப்புகளும்தான். எந்தக் கம்ப்யூட்டரிலும் இருப்பவை, யாரையும் கடிக்காதவை. அவற்றைச் சரிசெய்ய மட்டும் காசு.

பயத்தை விற்பது இந்தத் தொழிலுக்குப் புதிதும் அல்ல. 1992ல் மைக்கலாஞ்சலோ என்ற வைரஸைப் பற்றி ஒரு பீதி கிளம்பியது. அந்த ஓவியரின் பிறந்தநாளான மார்ச் 6 அன்று அது விழித்துக்கொண்டு வட்டில் இருப்பதை அழிக்கும் என்றார்கள். வைரஸ் உண்மையானது, சந்தேகமில்லை. ஆனால் ஐம்பது லட்சம் கம்ப்யூட்டர்கள் வரை பாழாகலாம் என்று ஒரு கணக்குப் பத்திரிகைகளில் ஓடியது. அந்தக் கணக்கைச் சொன்னவர் ஜான் மெக்காஃபி, ஆன்டிவைரஸ் வியாபாரி. மார்ச் 6 வந்தது, போனது. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் ஆயிரக்கணக்கில் அடங்கிவிட்டன. ஆன்டிவைரஸ் விற்பனை மட்டும் அமோகம்.

இன்றைக்கு அந்தப் பயம் கடையிலேயே லேப்டாப்புக்குள் அடைத்து வருகிறது. புது மெஷின் வாங்குகிறோம். முப்பது நாள் சோதனைப் பதிப்பு ஒன்று நம்மைக் கேட்காமலே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அது வந்ததும் டிஃபெண்டர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்கிறது. முப்பதாவது நாள் முதல் மூலையில் சிவப்புப் பெட்டி. பாதுகாப்பு முடிந்துவிட்டது, உடனே புதுப்பிக்கவும், இன்று மட்டும் பாதி விலை. அந்தச் சோதனைப் பதிப்பை நீக்கிவிட்டால் டிஃபெண்டர் தானே வேலைக்குத் திரும்பிவிடும் என்பதை அந்தச் சிவப்புப் பெட்டி ஒருநாளும் சொல்வதில்லை.

இதில் மொழியின் விளையாட்டும் இருக்கிறது. எனக்குத் தமிழ் வீட்டில், பிரெஞ்சு பள்ளியில், ஆங்கிலம் ஆபீசுக்குப் போன பிறகு. என்னைப் போன்றவர்கள் இந்த ஊரில் நிறைய. அரைகுறையாகப் புரியும் மொழியில் ஒரு எச்சரிக்கை வந்தால், முழுதும் புரிந்தவனைவிட நாம் இரண்டு மடங்கு பயப்படுகிறோம். சிவப்பு நிறம் எந்த மொழியிலும் புரிந்துவிடுகிறது, கீழே பொடி எழுத்தில் உள்ள நிபந்தனை எந்த மொழியிலும் புரிவதில்லை. அந்தப் பொடி எழுத்தில்தான் "வருடா வருடம் கார்டிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வோம்" என்பது இருக்கும். முதல் வருடம் சலுகை விலை, இரண்டாம் வருடம் முழு விலை. இது என் கற்பனை அல்ல. தானாகப் புதுப்பித்துக் காசு பிடிப்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதற்காக, 2009ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் நடவடிக்கையில் மெக்காஃபியும் சைமன்டெக்கும் ஆளுக்கு 3,75,000 டாலர் கட்டினார்கள்.

சரி, வாங்கியே தீருவேன் என்பவர் கொட்டேஷன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நார்ட்டன் ஒன்று, அவாஸ்ட் ஒன்று, ஏவிஜி ஒன்று, அவிரா ஒன்று. நான்கு பெயர், நான்கு நிறம், நான்கு விலை. ஒப்பீட்டு அட்டவணை போட்டு மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறார். ஸ்டோர்ஸ் செக்ஷனில் இருந்த எவனும் இங்கே மூக்கைச் சுருக்குவான். ஏவிஜியை 2016ல் அவாஸ்ட் வாங்கியது. அவிராவை நார்ட்டன்காரர்கள் வாங்கினார்கள். 2022ல் நார்ட்டனும் அவாஸ்ட்டும் ஒன்றாகி, இப்போது நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பெனி. நான்கு கொட்டேஷனும் ஒரே ஆள் வெவ்வேறு லெட்டர்பேடில் கொடுத்தது. ஆபீசில் இதற்கு ஒரு பெயர் உண்டு, எழுதினால் நாகரிகமாக இருக்காது.

"2025ன் தலைசிறந்த பத்து ஆன்டிவைரஸ்கள்" என்று இணையத்தில் வரும் பட்டியல்களையும் இதே கண்ணோடு பாருங்கள். அவற்றில் பல, நீங்கள் அந்த இணைப்பை அழுத்தி வாங்கினால் தமக்குக் கமிஷன் வரும் என்று அடியில் தாங்களே எழுதியிருக்கின்றன. கமிஷன் வாங்குகிறவர், வாங்கத் தேவையில்லை என்று எப்படி எழுதுவார்?

அடுத்தது காவல்காரரின் நடத்தை. ஆன்டிவைரஸ் என்பது வீட்டின் எல்லா அறைச் சாவியும் கையில் இருக்கும் ஆள். நீங்கள் படிக்கும் பக்கம், திறக்கும் கடிதம், சேமிக்கும் கணக்கு எல்லாவற்றையும் பார்க்க அதற்கு உரிமை உண்டு. பார்த்ததை வெளியே விற்றால்? அதுதான் நடந்தது. அவாஸ்ட் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக, பயனர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற தகவலை விற்றுக்கொண்டிருந்தது 2020 ஜனவரியில் பத்திரிகைகளில் அம்பலமானது. ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. மற்றவர்கள் எட்டிப் பார்க்காமல் காப்பேன் என்று வேலைக்குச் சேர்ந்தவர், தானே எட்டிப் பார்த்து விலை பேசியிருக்கிறார்.

நார்ட்டன் 2021ல் தன் பாதுகாப்புத் தொகுப்போடு கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலையும் சேர்த்துக் கொடுத்தது. நீங்கள் சம்மதித்தால் உங்கள் மெஷின், உங்கள் மின்சாரம், கிடைப்பதில் 15 சதவீதம் அவர்களுக்கு. காஸ்பர்ஸ்கியை அமெரிக்காவில் 2024ல் தடை செய்தபோது, அங்கிருந்த பல பயனர்கள் ஒருநாள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் பழைய ஆன்டிவைரஸ் காணவில்லை, அதன் இடத்தில் அல்ட்ராஏவி என்ற கேள்விப்படாத ஒன்று தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. நம் வீட்டுக் காவல்காரர் வேலையை விட்டுப் போகும்போது தெரியாத ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

காவல்காரரே கதவை உள்ளே தாழிட்ட கதையும் உண்டு. 2010 ஏப்ரல் 21ல் மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான ஒரு கோப்பை வைரஸ் என்று நினைத்துத் தூக்கிவிட்டது. உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனப் பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். கையெழுத்தில் ஊறிய குமாஸ்தாவாக எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம், அது வேறு விஷயம். ஆழமாக உரிமை கொடுத்த நிரல் தவறு செய்தால் சேதமும் ஆழமாகத்தான் இருக்கும். டிஃபெண்டருக்கும் இது பொருந்தும். அதனால்தான் சொல்கிறேன், ஒருவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தாயிற்று, இரண்டாவது ஆளுக்கும் எதற்கு?

நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்த கே7, புனேயின் குயிக் ஹீல் போன்றவை நம் ஊர் மூளையால் வளர்ந்தவை. அவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. நூறு கம்ப்யூட்டர் உள்ள ஆபீசில், எந்த மெஷினில் என்ன நடக்கிறது என்று ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும், யார் பென் டிரைவ் செருகலாம் என்று தீர்மானிக்க வேண்டும். அங்கே காசு கொடுத்து வாங்குவதற்குப் பொருள் உண்டு. நான் பேசுவது கூடத்தின் மூலையில் இருக்கும் ஒற்றை மெஷினைப் பற்றி.

இனி, எனக்கு உண்மையில் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார். தனியாள், பிள்ளைகள் வெளிநாட்டில். மகன் வாங்கிக் கொடுத்த ஆன்டிவைரஸ், சந்தா நடப்பில் இருந்தது, மூலையில் பச்சை டிக் இருந்தது. ஒருநாள் ஏதோ சமையல் குறிப்பு தேடும்போது திரை முழுக்க ஒரு எச்சரிக்கை, விடாமல் ஒரு பீப் சத்தம், ஒரு போன் நம்பர். அழைத்தார். மறுமுனையில் மிகவும் மரியாதையான குரல். அம்மா, பயப்படாதீர்கள், நான் சரிசெய்து தருகிறேன், இந்தச் சின்ன செயலியை மட்டும் இறக்குங்கள். தூரத்திலிருந்து நம் திரையைப் பார்த்து இயக்கும் செயலி அது. முக்கால் மணி நேரத்தில் இரண்டு மாத பென்ஷன் போய்விட்டது. அந்த முக்கால் மணி நேரமும் பச்சை டிக் பச்சையாகவே இருந்தது.

ஏன் தடுக்கவில்லை? தடுக்க அங்கே வைரஸே இல்லை. அந்தச் செயலி திருட்டு நிரல் அல்ல, ஆயிரம் கம்பெனிகள் நேர்மையாகப் பயன்படுத்துவது. எனிடெஸ்க் போன்ற செயலிகள் வழியாகப் பணம் திருடப்படுவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர், உள்ளே அழைத்தவர் வீட்டுக்காரர், அப்புறம் பூட்டு என்ன செய்யும்? ஆயுள் சான்றிதழ் புதுப்பிக்கிறேன் என்று பென்ஷனரை அழைப்பவனும், போலீஸ் உடுப்போடு வீடியோவில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுபவனும், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸப்பில் ஏபிகே கோப்பு அனுப்புபவனும் இந்த வழியில்தான் வருகிறார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நம்மூர் சொல்தா குடும்பங்களுக்கு "செர்த்திஃபிகா தெ வி" என்ற வார்த்தையைச் சொன்னாலே போதும், எதிரில் பேசுபவன் உண்மையானவன் என்று தோன்றிவிடும். திருடன் கம்ப்யூட்டரின் கதவை விட்டுவிட்டு நம் காதின் கதவுக்கு வந்து வெகுகாலமாகிறது.

இதில் ஆன்டிவைரஸின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். இரண்டு பங்கு. ஒன்று, "எனக்குத்தான் பாதுகாப்பு இருக்கிறதே" என்ற பொய்யான நிம்மதி. இரண்டாவது இன்னும் மோசம். சிவப்புப் பெட்டி வந்தால் பயப்பட வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும், கார்டு நம்பரைக் கொடுக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் நம்மைப் பழக்கியவர்கள் இந்த வியாபாரிகள்தான். போலி எச்சரிக்கை செய்பவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அசலைப் பார்த்து நகல் எடுத்தான். நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த ஆசிரியையைக் குறை சொல்லாதீர்கள்.

அப்படியானால் எதுவுமே செய்ய வேண்டாமா? செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றும் காசைவிடக் கவனம் கேட்கிறது.

முதலில் அப்டேட். 2017 மே 12ல் வானாகிரை என்ற பணயப் புழு பரவி பிரிட்டனின் ஆஸ்பத்திரிகளையும் பிரான்சில் ரெனோ கார் தொழிற்சாலைகளையும் முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. போட்டுக்கொண்டவர்களிடம் அந்த ஓட்டை வழியாக அது நுழையவில்லை. ஆகவே "அப்டேட் செய்து மறுபடி துவக்கவா" என்று கேட்டால், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. வீட்டுப் பயனருக்கு ஓராண்டு நீட்டிப்பு இருக்கிறது, கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் மெஷின் விண்டோஸ் 11க்கு ஏறாது என்றால், லினக்ஸ் போடச் சொல்லுங்கள், அல்லது அந்த மெஷினில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். அப்டேட் நின்றுபோன விண்டோஸின் மேல் விலையுயர்ந்த ஆன்டிவைரஸ் போடுவது, செல்லரித்த கதவில் பித்தளைப் பூட்டு மாட்டுவது.

இரண்டாவது, சோதனைப் பதிப்பாக வந்த ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டி என்ற கேடயச் சின்னத்தைத் திறந்து பாருங்கள். நிகழ்நேரப் பாதுகாப்பு இயங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். வேலை முடிந்தது.

மூன்றாவது நகல். பேரன் பிறந்தநாள் படங்கள், பென்ஷன் உத்தரவு, வீட்டுப் பத்திர ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் மாதம் ஒருமுறை எடுத்து, எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே வைத்திருந்தால் பணயப் புழு அதையும் பூட்டிவிடும். ஒவ்வொரு உத்தரவுக்கும் ஆபீஸ் காப்பி வைத்த பரம்பரை நாம், இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சில வருடச் சந்தாக் காசு ஒரு டிஸ்க்குக்குச் சரியாகிவிடும்.

நான்காவது, பிரவுசர். "அறிவிப்புகளை அனுமதிக்கவா" என்று எந்த இணையதளம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். மூலையில் வரும் "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது" பெட்டிகளில் பல, எப்போதோ நாம் அனுமதி கொடுத்த ஏதோ ஒரு தளம் அனுப்பும் விளம்பரம். பிரவுசர் அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற பகுதிக்குப் போய் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். பாதி வைரஸ் அன்றைக்கே குணமாகிவிடும். முழுத்திரையில் போலி எச்சரிக்கை வந்து மூட முடியவில்லை என்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

ஐந்தாவது, சந்தேகமான கோப்பு ஏதாவது வந்தால், திறக்காமல் வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஏற்றிப் பாருங்கள். ஸ்பெயினில் தொடங்கி இப்போது கூகுளிடம் இருக்கிறது. பல பத்து ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் அந்தக் கோப்பைச் சோதித்துக் கருத்துச் சொல்லும், கட்டணம் இல்லை. சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றியதை மற்றவர்களும் பார்க்க வழி உண்டு.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய ஆன்டிவைரஸ்: போனை வைத்துவிடுவது. எந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியும், எந்த வங்கியும், எந்தப் பென்ஷன் ஆபீசும் தானாக அழைத்து ஒரு செயலியை இறக்கச் சொல்லாது. நாற்பது வருடம் நாம் அரசாங்கத்தில் இருந்தோம். அரசாங்கம் தானாக முன்வந்து நமக்கு உதவி செய்து பார்த்திருக்கிறீர்களா? அந்த அனுபவம் ஒன்றே போதாதா, சந்தேகப்பட? மரியாதைக் குறைவாக இருக்குமே என்று தயங்காதீர்கள், பாதி வாக்கியத்தில் வையுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. இந்த நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டுங்கள்.

அடுத்த தடவை புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தால், கார்டை எடுக்காதீர்கள். ஃபைலில் மூன்றே வரி குறிப்பு எழுதுங்கள்: பொருள் இருப்பில் உள்ளது. நல்ல நிலையில் உள்ளது. கொள்முதல் தேவையில்லை. கையெழுத்து, தேதி. ஃபைலை மூடலாம்.